ஒரு க்ளிக்கின் மதிப்பு என்ன? குக்கி க்ளிக்கரில் கை எதுவரை உதவும்

குக்கி க்ளிக்கர் என்ற கணினி ஆட்டத்தைத் திறந்தால் இடப்பக்கம் ஒரு பெரிய குக்கி இருக்கும். அதை 15 தடவை அழுத்தினால் 15 குக்கி சேரும். அந்தப் 15-ஐக் கொடுத்தால் ஒரு கர்சர் கிடைக்கும். அது பத்து நொடிக்கு ஒரு தடவை உங்களுக்குப் பதிலாகத் தானே ஒரு க்ளிக் போடும். இந்த வகை ஆட்டங்களின் மொத்தச் சங்கதியும் இந்த முதல் கொள்முதலிலேயே அடங்கிவிடுகிறது. கையால் சம்பாதித்து, அந்தச் சம்பாத்தியத்தைக் கொண்டே கையை வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

ஓர்டெய் என்ற பெயரில் இயங்கும் பிரெஞ்சுக்காரர் ஜூலியன் தியெனோ 2013 ஆகஸ்டில் ப்ரௌசரில் ஆடுவதற்காக இதை வெளியிட்டார். 2021 செப்டம்பர் 1-இல் ஸ்டீம் என்ற கணினி ஆட்டக் கடைக்கும் வந்தது. மைன்கிராஃப்டுக்கு இசையமைத்த சி418-தான் அந்தப் பதிப்புக்கு இசை. இதற்கு முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கான க்ளிக்கர்கள் வந்திருக்கின்றன. ஆனாலும் கணக்கைப் புரிந்துகொள்ள இதைவிடத் தோதான ஆட்டம் இல்லை. எண்கள் எல்லாம் கண்ணெதிரே இருக்கின்றன, எதையும் மறைத்து வைப்பதில்லை.

"சும்மா அழுத்திக்கொண்டே இருப்பதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களும் உண்டு, "ஒருநாள் முழுக்கத் தூங்காமல் ஆடினேன்" என்பவர்களும் உண்டு. இரண்டு பேரும் ஆட்டத்தின் வெவ்வேறு கட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒரு க்ளிக்கின் மதிப்பு கட்டத்துக்குக் கட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது. அதைத் தொடர்ந்து பார்த்தால் இதில் ருசி எங்கே இருக்கிறது, எங்கே தீர்ந்துபோகிறது என்று தெரிந்துவிடும்.

முதல் கால் மணி நேரம்

சாதாரணமாக ஒருவர் நொடிக்கு 6 க்ளிக் போடுவார் என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் ஒரு க்ளிக்குக்கு ஒரு குக்கி, ஆக நொடிக்கு 6. 100 குக்கி கொடுத்து வாங்கும் பாட்டி நொடிக்கு 1 குக்கிதான் சுடுவார். புதிதாக ஆடுபவர் 100 சேர்ந்ததும் ஓடிப்போய்ப் பாட்டியை வாங்குவார். அதே 100-க்கு அருகிலேயே இன்னொன்றும் விற்பனைக்கு இருக்கிறது. ஆள்காட்டி விரலை வலுவாக்கும் மேம்பாடு. ஒரு கர்சர் கையில் இருந்தால் போதும், அது திறந்துவிடும். அதை வாங்கினால் ஒவ்வொரு க்ளிக்கும் இரட்டிப்பாகும். நொடிக்கு 6 என்பது 12 ஆகும். பாட்டி 1 கூட்டுகிறார், இது 6 கூட்டுகிறது. அடுத்தது 500 குக்கி விலையில் வரும். மணிக்கட்டு நரம்பு வலி வராமல் தடுக்கும் களிம்பு என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். குசும்புதான். அதை வாங்கினால் 12 என்பது 24 ஆகும்.

ஆகவே தொடக்க வரிசை இதுதான்: ஒரு கர்சர், விரல் மேம்பாடு, களிம்பு, அதன் பிறகு பாட்டிகள். கை ஓய்ந்துவிட்டால் இந்த வரிசைக்கு அர்த்தமில்லை. அழுத்தாமல் விட்டுவைத்து ஆடுபவருக்குப் பாட்டிதான் முதலில். மூன்றாவது விரல் மேம்பாட்டுக்கு 10 கர்சர் வேண்டும், விலை 10,000. நொடிக்கு 24 கூடுதலாகத் தரும் என்றாலும் அந்த விலைக்கு அது அப்போது தண்டம். தள்ளிப்போடலாம்.

இனி விலை ஏறும் விதம். கர்சர், பாட்டி, பண்ணை என்று தானே குக்கி செய்து தருபவை எல்லாவற்றுக்கும் ஆட்டத்தில் கட்டடம் என்றே பெயர். எந்தக் கட்டடத்தையும் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் அடுத்ததன் விலை 15% ஏறும். ஐந்து வாங்கினால் விலை இரட்டிப்பு, பத்து வாங்கினால் நான்கு மடங்கு, ஐம்பது வாங்கினால் ஆயிரத்து எண்பது மடங்குக்கு மேல். உற்பத்தியோ ஒவ்வொன்றுக்கும் அதே அளவுதான் கூடும். கூட்டு வட்டி எதிரே நிற்க, நீங்கள் தனி வட்டியில் ஓடுகிறீர்கள். அதனால்தான் எந்தக் கட்டடத்தையும் வாங்கிக்கொண்டே போக முடியாது, அடுத்த கட்டடத்துக்குத் தாவியே தீர வேண்டும்.

எப்போது தாவுவது? நொடிக்கு ஒரு குக்கி கூடுவதற்கு என்ன செலவு என்று பார்க்க வேண்டும். தொடக்க விலையில் கர்சருக்கு 150, பாட்டிக்கு 100, பண்ணைக்கு 137.5, சுரங்கத்துக்கு 255, தொழிற்சாலைக்கு 500, வங்கிக்கு 1,000. மூன்று பாட்டி வாங்கியதுமே நான்காவது பாட்டியின் விலை 150-ஐத் தாண்டிவிடும். அந்த இடத்தில் பண்ணை மலிவு. ஆனால் பண்ணை 1,100 குக்கி. அவ்வளவு சேரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? அதனால் இரண்டு நேரங்களைக் கூட்டிப் பார்ப்பதுதான் சரியான வழி. ஒன்று, அந்தப் பொருளுக்குப் பணம் சேரக் காத்திருக்கும் நேரம். மற்றது, வாங்கிய பிறகு போட்ட முதல் திரும்ப வரும் நேரம். கூட்டுத்தொகை எதற்குக் குறைவோ அதை வாங்க வேண்டும்.

ஓர் உதாரணம். நொடிக்கு 80 குக்கி வருகிறது, 7 பண்ணை இருக்கிறது, கையிருப்பு சுழி. 8-ஆவது பண்ணையின் விலை 2,927. சேர 37 நொடி, முதல் திரும்ப 366 நொடி, மொத்தம் 403. முதல் சுரங்கம் 12,000. சேர 150 நொடி, திரும்ப 255 நொடி, மொத்தம் 405. கிட்டத்தட்டச் சமம். 8-ஆவது பண்ணையை வாங்கிவிட்டால் வருமானம் 88. அப்போது 9-ஆவது பண்ணைக்கு 459, சுரங்கத்துக்கு 392. இனிச் சுரங்கம்தான் என்று தோன்றும்.

தோன்றுவது தப்பு. இதே நேரத்தில் மேல் வரிசையில் 11,000 குக்கிக்குப் பண்ணை மேம்பாடு ஒன்று காத்திருக்கும். எல்லாப் பண்ணையையும் அது இரட்டிப்பாக்கும். 7 பண்ணைக்கு 56 கூடும். சேர 138 நொடி, திரும்ப 196 நொடி, மொத்தம் 334. இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். புதியவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான். கட்டடப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், மேலே இருக்கும் சின்னச் சதுரங்களைப் பார்க்க மாட்டார்கள். கர்சரைத் தவிர ஒவ்வொரு கட்டடத்துக்கும் 1, 5, 25, 50 என்ற எண்ணிக்கைகளில் இப்படி ஒரு மேம்பாடு திறக்கும். விலை முறையே கட்டடத்தின் தொடக்க விலையைப் போல 10, 50, 500, 50,000 மடங்கு. முதல் மூன்றும் பெரும்பாலும் நல்ல வியாபாரம். நான்காவதுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டே இறங்க வேண்டும். இந்தக் கணக்கைத் தானே போட்டு நிறம் காட்டும் குக்கி மான்ஸ்டர் என்ற துணை நிரலும் உண்டு. வசதிதான். ஆனால் முதல் ஆட்டத்திலேயே அதைப் போட்டுக்கொண்டால் ஆட்டத்தில் யோசிக்க இருந்த ஒரே விஷயத்தையும் கணினியிடம் கொடுத்தாயிற்று. மிஞ்சுவது பச்சை நிறத்தை அழுத்தும் வேலை.

இந்தக் கால் மணி நேரம்தான் ஆட்டத்தின் ருசி என்பது என் கட்சி. சில நொடிக்கு ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது, எடுத்த முடிவின் பலன் உடனே எண்ணில் தெரிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் கை அழுத்துவது கணக்கில் ஏறுகிறது.

கை தோற்கும் இடம்

களிம்பு வாங்கிய கை நொடிக்கு 24 குக்கி தருகிறது. மூன்று பண்ணைகள் அதே 24-ஐத் தந்துவிடும். முதல் சுரங்கம் 47, அதாவது கையைப் போல் இரு மடங்கு. முதல் தொழிற்சாலை 260. அதற்குப் பிறகு கை அழுத்துவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வங்கி நொடிக்கு 1,400 தரும். அங்கே வந்தபின் அழுத்துவது வெறும் பழக்கம்.

கை அடியோடு செத்துப்போகாமல் இருக்க ஆட்டத்தில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. மவுஸ் மேம்பாடுகள். முதலாவதான பிளாஸ்டிக் மவுஸ் 50,000 குக்கி. அதை வாங்கினால் ஒவ்வொரு க்ளிக்கும் உங்கள் நொடி வருமானத்தில் 1% கூடுதலாகத் தரும். அடுத்து வரும் ஒவ்வொரு மவுஸும் விலையில் நூறு மடங்கு, பலன் அதே இன்னொரு 1%. ஐந்து மவுஸ் சேர்ந்தால் ஒரு க்ளிக் 5%, நொடிக்கு ஆறு க்ளிக் என்றால் 30%. கைக்கு மறுபடி ஒரு மரியாதை வந்துவிடுகிறது, வருமானம் எவ்வளவு ஏறினாலும் அந்த மரியாதையும் கூடவே ஏறும். ஆனால் இவை பணம் இருந்தால் மட்டும் திறக்காது. கையால் மட்டுமே செய்த குக்கி 1,000 இருந்தால்தான் முதல் மவுஸ் கண்ணில் படும். அடுத்ததுக்கு 1 லட்சம், அதற்கடுத்து 1 கோடி. அழுத்தாமலேயே ஆடுபவருக்கு இவை எட்டாமலே கிடக்கும்.

இருந்தாலும் மணிக்கணக்காக உட்கார்ந்து 30% கூடுதலுக்காக அழுத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அந்த 30% வேறொரு இடத்தில் பல நூறு மடங்காகிறது. கையை அங்கே செலவழிக்க வேண்டும்.

பதின்மூன்று நொடி

திரையில் அவ்வப்போது ஒரு பொன் குக்கி முளைக்கும். தொடக்கத்தில் 5 முதல் 15 நிமிடத்துக்கு ஒன்று, 13 நொடிதான் நிற்கும். அழுத்தினால் ஏதாவது ஒரு பலன் கிடைக்கும். அதிகம் வருவது இரண்டு. ஒன்று வேகம்: 77 நொடிக்கு உற்பத்தி 7 மடங்கு. கூடுதலாகக் கிடைப்பது 462 நொடி வருமானம், அதாவது எட்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. இன்னொன்று அதிர்ஷ்டம்: கையிருப்பில் 15%, அல்லது 15 நிமிட உற்பத்தி, இதில் எது குறைவோ அதனுடன் 13 குக்கி.

"எது குறைவோ" என்பதில்தான் பிடி இருக்கிறது. கையிருப்பு இல்லாமல் எல்லாவற்றையும் செலவழித்துக்கொண்டே போனால் அதிர்ஷ்டம் வந்தாலும் ஒன்றும் தராது. முழுப் பலனும் வேண்டுமென்றால் 900 நொடி உற்பத்தி கையிருப்பில் 15% ஆக இருக்க வேண்டும். அதாவது 6,000 நொடி வருமானம், 100 நிமிட உற்பத்தி எப்போதும் கையில் இருக்க வேண்டும். வேகம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதிர்ஷ்டம் விழுந்தால் முழுதாகப் பிடிக்க அதைப் போல ஏழு மடங்கு, 42,000 நொடி. ஆனால் இதைக் கேள்விப்பட்டவுடன் முதல் மணி நேரத்திலேயே சேமிக்கத் தொடங்குபவர்கள் வளர்ச்சியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். அப்போது வாங்கும் பொருள்கள் ஐந்தாறு நிமிடத்தில் முதலைத் திருப்பித் தரும். அவற்றை விட்டுவிட்டு மணிக்கு நாலைந்து தடவை வரும் பொன் குக்கிக்காகப் பணத்தை முடக்குவது வீண். முதல் திரும்ப வர ஒரு மணிக்கு மேல் ஆகும் கட்டம் வந்தபின் சேமிக்கத் தொடங்கினால் போதும்.

அந்த 13 என்ற ஒட்டுத் தொகைக்கு ஒரு வேடிக்கையான உபயோகம் உண்டு. பெரிய குக்கியை ஒருமுறைகூட அழுத்தாமல் பத்து லட்சம் குக்கி செய்வது ஆட்டத்தின் மறைமுகச் சாதனைகளில் ஒன்று. கையிருப்பும் சுழி, உற்பத்தியும் சுழி. அப்படியானால் அதிர்ஷ்டம் தருவது வெறும் 13. கர்சர் விலை 15. ஆக இரண்டு அதிர்ஷ்டம் விழும்வரை எதுவும் செய்யாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். க்ளிக்கர் ஆட்டத்தில் க்ளிக் செய்யாமலிருப்பதற்குப் பரிசு!

இப்போது கைக்கு வருவோம். பொன் குக்கி எப்போதாவது தரும் மூன்றாவது பலன் க்ளிக் வெறி. 13 நொடிக்கு ஒவ்வொரு க்ளிக்கும் 777 மடங்கு. நொடிக்கு 6 வீதம் 78 க்ளிக். ஐந்து மவுஸ் இருந்தால் ஒரு க்ளிக் 5%. 78 × 5% × 777 என்றால் ஏறத்தாழ 3,030 நொடி வருமானம், ஐம்பது நிமிட உற்பத்தி பதின்மூன்று நொடியில். பக்கத்தில் வேகமும் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் ஏழால் பெருகும், கிட்டத்தட்ட ஆறு மணி நேரம்.

ஆனால் தொடக்கத்தில் இரண்டும் சேரவே சேராது. வேகம் 77 நொடி, அடுத்த பொன் குக்கி வர குறைந்தது 300 நொடி. இதை மாற்றும் மூன்று மேம்பாடுகளும் ஏழு, இருபத்தேழு, எழுபத்தேழு பொன் குக்கிகளைப் பிடித்தபின் திறக்கும். முதல் இரண்டும் இடைவெளியை இரண்டு முறை பாதியாக்கும், 75 முதல் 225 நொடி என்றாகிவிடும். மூன்றாவது பலன்களின் நீளத்தை இரட்டிப்பாக்கும். இப்போது வேகம் 154 நொடி நிற்கும், க்ளிக் வெறி 26 நொடி. இரண்டும் சேர்ந்து விழுந்தால் 156 க்ளிக்கில் ஏறத்தாழ 11 மணி 45 நிமிட உற்பத்தி. கைக்காரருக்கும் சும்மா விட்டுவைப்பவருக்கும் இடையில் பிளவு விழுவது இந்த எழுபத்தேழாவது பொன் குக்கியில்தான்.

பாட்டிகள் கலகம் செய்யும் கட்டம் இதற்கு நேர் எதிர். பாட்டி ஆராய்ச்சிகளைத் தொடர்ந்து வாங்கினால் பெரிய குக்கியைச் சுற்றிப் புழுக்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றும் 5% உற்பத்தியைத் தின்னும். பத்துப் புழு என்றால் கணக்கில் காட்டும் வருமானம் பாதியாகிவிடும். பயந்துபோய் உடனே குத்திக் கொல்வார்கள். கொல்லக் கூடாது. குறையும் அந்த 50%-ஐப் பத்துப் புழுக்களும் பங்கு போட்டுக்கொள்வதில்லை, ஒவ்வொன்றும் முழு 50%-ஐத் தனித்தனியாக வயிற்றில் சேர்க்கும். பத்தும் சேர்ந்து ஐந்து மடங்கு. வெடிக்கும்போது அதில் 10% கூட்டித் திரும்பத் தரும், ஐந்தரை மடங்கு. மீதிப் பாதி வருமானத்தையும் சேர்த்தால் ஆறு மடங்கு. ஒரே ஒரு புழு இருந்தால் லாபம் அரை சதவீதம். இரண்டு இருந்தால் 12%. எண்ணிக்கையின் வர்க்கமாக வளர்வதால் பத்தும் சேரும்வரை தொடாமல் இருப்பதுதான் முறை. ஆனால் கலகம் முற்ற முற்றப் பொன் குக்கிகளுக்குப் பதில் சிவப்புக் குக்கிகள் வரும், முதல் கட்டத்தில் மூன்றில் ஒன்று, கடைசிக் கட்டத்தில் எல்லாமே. அவற்றில் சில உற்பத்தியைப் பாதியாக்கும், சில கையிருப்பைத் தின்னும். அதனால் வேலைக்குப் போகிறவர், இரவு தூங்குகிறவர் கலகத்தை முழுதாக வளரவிடலாம். திரை முன்னால் உட்கார்ந்து அழுத்துகிறவர் கலகத்தைத் தள்ளிப்போட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யப் பார்ப்பவருக்கு இரண்டிலும் அரைகுறைப் பலன்தான்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கும் வசதியும் உண்டு. அதுவரை செய்த மொத்தக் குக்கிக்கு ஏற்ப நிலை என்ற பரிசு கிடைக்கும். மொத்தம் ஒரு லட்சம் கோடி குக்கி செய்தால் 1 நிலை, 8 லட்சம் கோடிக்கு 2 நிலை, 1,000 லட்சம் கோடிக்கு 10 நிலை. கன சதுரக் கணக்கு. நிலையை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு குக்கி வேண்டும். ஒவ்வொரு நிலையும் 1% கூடுதல் உற்பத்தி. 1 நிலை கிடைத்ததுமே மறுதொடக்கம் செய்யத் தோன்றும். அப்போதே செய்தால் 1% லாபத்துக்காக எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்ததாகிவிடும். அனுபவப்பட்டவர்கள் முதல் முறைக்கு 365 முதல் 440 நிலைவரை பொறுக்கச் சொல்வார்கள். 440 என்றால் 85-க்குப் பின் 18 சுழி அளவுக்கு மேல் குக்கி. அந்த அளவு இருந்தால்தான் மறுதொடக்கத்தில் வாங்க வேண்டிய நிரந்தர மேம்பாடுகள் ஓரளவு கைக்கு வரும். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. அந்த 1% தானாக முழுதும் வேலை செய்யாது. புதிய ஆட்டத்தில் 5%, 25%, 50%, 75%, 100% என்று ஐந்து மேம்பாடுகள் மூலம் அதைத் திறக்க வேண்டும். "மறுபடி தொடங்கினேன், ஒன்றும் வேகமாகவில்லை" என்று புலம்புபவர்களில் பாதிப் பேர் இவற்றை வாங்காதவர்கள்.

முதல் மறுதொடக்கத்துக்குப் பிறகு முதல் கால் மணி நேரத்தின் ருசி ஒருமுறை திரும்ப வரும், அதுவும் வேகமாக. இரண்டாவது, மூன்றாவது தடவையில் வாங்கும் வரிசை மனப்பாடமாகிவிடும். முடிவெடுக்க ஒன்றும் இருக்காது. தொடக்கத்தில் சில நொடிக்கு ஒன்றாக இருந்த முடிவு, நடுவில் பத்து நிமிடத்துக்கு ஒன்று, பிறகு நாளுக்கு ஒன்று என்று நீர்த்துப்போகிறது. இந்த வகையின் எல்லை இது, எந்த மேம்பாட்டாலும் இதைச் சரிசெய்ய முடிந்ததில்லை.

ப்ரௌசரில் ஆடுவதற்குச் சில தனித் தொல்லைகள் உண்டு. சேவ் ஆவது ப்ரௌசரின் உள் சேமிப்பில், நிமிடத்துக்கு ஒரு தடவை. ப்ரௌசரின் தளத் தரவுகளை அழித்தாலோ, மறைவுச் சன்னலில் ஆடினாலோ எல்லாம் போய்விடும். விருப்பங்கள் பகுதியில் சேவ் ஆனதை ஏற்றுமதி செய்தால் நீளமான ஓர் எழுத்துக் கோவை கிடைக்கும். அதை ஒரு கோப்பில் ஒட்டி வைத்துக்கொண்டால் எந்தக் கணினியிலும் இறக்கிக்கொள்ளலாம். வாரத்துக்கு ஒரு தடவையாவது செய்துவிடுங்கள். பின்னணியில் இருக்கும் டேபை ப்ரௌசர்கள் மந்தமாக்கும். 2021-இல் வந்த க்ரோம் 88 முதல், ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் சத்தமில்லாத பக்கத்தின் கடிகாரம் நிமிடத்துக்கு ஒருமுறைதான் துடிக்கும். விட்டுப்போன நேரத்தை ஆட்டம் கூட்டிக்கொள்ளும், குக்கி எண்ணிக்கை குறையாது. பொன் குக்கிகள்தான் யாரும் பார்க்காமல் வந்து போய்விடும். டேபை அடியோடு மூடிவிட்டால் நிரந்தர மேம்பாடு வாங்கும்வரை ஒன்றும் சேராது, வாங்கிய பின்னும் தொடக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு 5% வீதம், அதன் பிறகு 0.5% தான். மடிக்கணினி சூடாகிறதென்றால் விருப்பங்களில் அலங்கார வரைகலை, துகள்கள், பறக்கும் எண்கள் மூன்றையும் அணைத்துவிட்டால் நன்றாகவே குறையும்.

எண்ணுக்கும் எல்லை உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண் சுமார் 90 கோடி கோடி, அதாவது 9-க்குப் பின் 15 இலக்கம் வரைதான் ஒன்று ஒன்றாகத் துல்லியமாக எண்ணும். அதற்கு மேல் போனால் ஒரு குக்கியைக் கூட்டினாலும் எண் அசையாமல் நிற்கலாம். 1.79-ஐ 10-இன் 308-ஆம் அடுக்கால் பெருக்கிய எண்ணைத் தாண்டினால் கணினி முடிவிலி என்று சொல்லிவிடும். ஹெவிபெல்லி என்பவர் செய்த ஆன்டிமேட்டர் டைமென்ஷன்ஸ் என்ற ஆட்டம் இந்தத் தடையையே வாசலாக்கிக்கொண்டது. அந்த எண்ணைத் தொட்டதும் பிரபஞ்சம் நொறுங்கி அடுத்த கட்டம் திறக்கும். குறையை ஆட்டமாக்கிய கெட்டிக்காரத்தனம்.

வேறு ஆட்டங்கள் கையை எப்படி நடத்துகின்றன என்பதும் பார்க்கத் தக்கது. 2014-இல் வந்த அட்வெஞ்சர் கேபிடலிஸ்டில் எலுமிச்சைச் சாறுக் கடையை ஒவ்வொரு தடவையும் நீங்கள்தான் அழுத்தித் தொடங்க வேண்டும். 1,000 டாலரில் ஒரு மேலாளரை வைத்ததும் அது தானே ஓடும். கையை எடுத்துவிடும் நொடி அங்கே பளிச்சென்று தெரியும். விலையேற்றம் அந்தக் கடைக்கு 7% மட்டுமே. குக்கியில் ஐந்து வாங்கினால் இரட்டிப்பாகும் விலை இங்கே பத்து வாங்கினால்தான் இரட்டிப்பு. அதனால் ஒரே பொருளைக் கட்டுக்கட்டாக வாங்கும் உணர்வு வரும், முடிவுகள் குறையும். ஃப்ராங்க் லான்ட்ஸ் 2017 அக்டோபரில் வெளியிட்ட யுனிவர்சல் பேப்பர்கிளிப்ஸ் வேறு ரகம். ஒரு சுருள் கம்பியில் 1,000 க்ளிப், ஐந்து டாலரில் முதல் இயந்திரம், 2,000 க்ளிப் ஆனதும் கணினி வசதி திறப்பு என்று சாதாரணமாகத் தொடங்கி, ஒவ்வொரு கட்டத்திலும் முந்தைய கட்டத்தின் திரையையே கழற்றிப் போட்டுவிட்டுப் புதுக் கேள்வி கேட்கும். அது முடியவும் முடியும். பிரபஞ்சத்தின் மொத்தப் பொருளும் க்ளிப் ஆனதும் ஆட்டம் நின்றுவிடும். முடிவு உள்ள க்ளிக்கர் முடிவில்லாத க்ளிக்கரைவிட மேல் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

இந்த வகையைக் கிண்டல் செய்து 2010-இல் ஃபேஸ்புக்கில் கௌ க்ளிக்கர் போட்டவர் இயன் போகோஸ்ட். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாட்டை அழுத்தலாம், காத்திருக்கப் பொறுமை இல்லாதவர் காசு கொடுக்கலாம், அவ்வளவுதான் ஆட்டம். கேலிக்குச் செய்ததை ஜனங்கள் நிஜமாகவே ஆடினார்கள். 2011 செப்டம்பரில் மாடுகளையெல்லாம் எடுத்துவிட்ட பிறகும் சிலர் வெறும் புல்லை அழுத்திக்கொண்டிருந்தார்கள். 2024-இல் ஸ்டீமில் வந்த பனானா அந்தக் கிண்டலையும் மிஞ்சிவிட்டது. வாழைப்பழப் படத்தை அழுத்தினால் எண் ஏறும், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. சில மணிக்கு ஒரு தடவை விற்கத் தக்க ஒரு படம் விழும் என்பதால் அந்த ஜூனில் ஒரே நேரத்தில் 9 லட்சத்துக்கு மேல் கணக்குகள் அதில் இருந்தன, பெரும்பகுதி தானியங்கிகள். அதே ஆண்டு டெலிகிராமில் ஹாம்ஸ்டர் கோம்பாட் வந்தது. தட்டித் தட்டிச் சேர்த்தால் காசாகும் என்ற நம்பிக்கையில் கோடிக்கணக்கில் ஆடினார்கள். செப்டம்பரில் அதன் கிரிப்டோ டோக்கன் வந்தபோது கிடைத்ததைப் பார்த்துப் பலர் நொந்துபோனார்கள். பணம் தருவதாகச் சொல்லும் க்ளிக்கரை நான் ஆட்டக் கணக்கில் சேர்ப்பதில்லை. எதை வாங்குவது என்ற கேள்வி அங்கே போய்விடுகிறது, எவ்வளவு நேரம் தட்டுவது என்பதே மிஞ்சுகிறது.

கடைசியாக மவுஸும் மணிக்கட்டும். குக்கி க்ளிக்கர் நொடிக்கு 50 க்ளிக்குக்கு மேல் ஏற்காது, 20 மில்லி நொடிக்குள் வரும் இரண்டாவது க்ளிக்கைத் தள்ளிவிடும். தானியங்கி க்ளிக் நிரலை ஆயிரத்துக்கு வைத்தாலும் பலன் இல்லை, கணினிதான் திணறும். கையால் நொடிக்கு 15-க்கு மேல் தொடர்ந்து அழுத்தினால் ஒரு சாதனைப் பட்டயம் வேறு கிடைக்கும், மனிதக் கையால் அது சுலபமில்லை என்று ஆட்டத்துக்கே தெரியும். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மாற்றி மாற்றி அழுத்துங்கள், முன்கை மேசையில் படிந்திருக்கட்டும், மணிக்கட்டு மேல்நோக்கி மடங்க வேண்டாம். விரல் மரத்துப்போனாலோ குறுகுறுத்தாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். க்ளிக் வெறியின் 26 நொடிக்கு மட்டும் கையைக் கொடுத்தால் இந்தப் பிரச்சினையே வராது.

மவுஸ் பொத்தானுக்குள் இருக்கும் சின்ன ஸ்விட்சுகள் 2 கோடி அழுத்தம் தாங்கும் என்ற மதிப்பீட்டோடு பரவலாக வருகின்றன. நொடிக்கு 6 வீதம் விடாமல் அழுத்தினால் 925 மணி நேரம். மலிவு மவுஸ்கள் அதற்கு வெகு முன்பே போய்விடும். முதல் அறிகுறி, ஒரு க்ளிக் இரண்டாகப் பதிவாவது. உள்ளே இருக்கும் மெல்லிய உலோகத் தகடு தளர்ந்தோ, தொடும் முனை கறுத்தோ ஒரே அழுத்தத்தில் இரண்டு தடவை தொட்டு விலகும். இலவசமாக இன்னொரு குக்கி என்று மகிழ வேண்டாம், துள்ளல் 20 மில்லி நொடிக்குள் வந்தால் ஆட்டம் அதைக் கணக்கில் எடுக்காது. ஆனால் கோப்பை நகர்த்தும்போது, எழுத்தைத் தேர்வு செய்யும்போதெல்லாம் வழுக்கும். பற்றவைக்கத் தெரிந்தவர் ஸ்விட்சை மட்டும் மாற்றலாம், மூன்று கால்தான். தெரியாதவர் தற்காலிகமாக விண்டோஸ் அமைப்புகளில் முதன்மைப் பொத்தானை வலப்பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். வலது ஸ்விட்ச் பெரும்பாலும் புதுசு போலவே இருக்கும்.